ஏழாவது டேக்கின் வால்

கதாபாத்திரத்துக்கு முகமில்லை.
ஒரு ரெயின்கோட், அவ்வளவுதான்.
தொப்பிக்குள் இருட்டு. இரண்டு கைகள்,
கைகளுக்குள்ளும் யாரும் இல்லை.
பேருந்து கிளம்பும்போது
அது வருந்த வேண்டும் என்றிருந்தது வேலைச்சீட்டில்.
நூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம்.

முதலில் தோளை இறக்கினேன்.
'சுஸ்தாகிதெ, அஷ்டே' என்றான் ரோஹிதாக்ஷ.
களைப்பு, வேறொன்றும் இல்லையாம்.
கையை நெஞ்சில் வைத்தேன்.
'நாடக' என்றான், வாயில் சித்ரான்னத்தோடு.
தலையைக் குனிய வைத்தேன்;
தொலைந்த செருப்பைத் தேடுவது போலிருந்தது.

மாரத்தஹள்ளியில் மணி பதினொன்று.
மீட்டிங் அறைக் கதவைச் சாத்தி
கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து
என் ரெயின்கோட்டையே மாட்டிக்கொண்டு நடித்தேன்.
ஒன்பது தடவை போனது பேருந்து.
ஒன்பது தடவையும் நன்றாகவே அழுதேன்,
அதனால்தான் ஒன்றும் உதவவில்லை.

அழிக்கலாமென்று ஓட்டிப் பார்க்கையில்
ஏழாவது டேக்கின் வால்.
நடிப்பு முடிந்துவிட்டது.
பதிவை நிறுத்த வந்த வலது கை
பாதியில் தயங்குகிறது.
திரும்பி, இடது மணிக்கட்டுக்குப் போய்
அங்கே இல்லாத வாட்சை
ஒரு சுற்று திருகி
விடுகிறது.

அதைத் திருப்பிக் கொடுத்து இருபது நாள்.
நல்லதாப் போச்சு என்று
எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது,
அம்மாவிடம் இரண்டு முறை.
கையிடம்தான் யாரும் சொல்லவில்லை.

பதினாலே ஃபிரேம்.
ஒவ்வொன்றாக நிறுத்தி
யாரோ ஒருத்தியின் கையைப் போல எண்ணினேன்:
கட்டைவிரல் முன்னால், சுட்டுவிரல் இரண்டு ஃபிரேம் தாமதம்,
திருகும்போது முழங்கை அசையவேயில்லை.
மழைக்கோட்டின் வலது கை
இடது கையின் பட்டனைத் தேடிப் போனது.
பட்டனை நான் அழித்திருந்தேன்.
கர்வ் எடிட்டரில் கோடு கோணலாக நின்றது;
நேராக்கவில்லை.
தோளைத் தொடவில்லை. தலை நிமிர்ந்தே இருக்கிறது.
பேருந்து போகிறது.

ரோஹிதாக்ஷ மெல்லுவதை நிறுத்தினான்.
'ஏனு ஹுடுக்தா இதெ?'
எதைத் தேடுகிறது அது.
'பட்டன்' என்றேன்.
மறுபடி ஓட்டச் சொன்னான்.
மறுபடி.

காலையில் பதில் வந்திருந்தது:
ஓகே. கையின் நிழலை மட்டும்
கொஞ்சம் அடர்த்தியாக்கவும்.

ஆக்கிவிட்டுக் கீழே இறங்கினால்
தூறல், நிஜமான தூறல்,
ரிங் ரோடு முழுக்க ஹாரன்.
கேப்காரர் ஓடிபி கேட்டார்.
நாலு எண்ணையும் சொல்லி முடிக்கும்வரை
இடது கையை
பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன்.