பனிப்பாதை திறந்திருக்கும் நேரம்

உறைந்த கடல்மேல் கார் ஓட்டி வந்தான் உர்மோ,
எஸ்தோனியப் பெருநிலத்திலிருந்து எங்கள் ஹியுமா தீவுக்கு.
பனிப்பாதையில் சீட்பெல்ட் போடக் கூடாது.
நடுவழியில் நிற்கக் கூடாது.
பொழுது சாய்ந்தால் பாதையே கிடையாது.
கடல் கொடுக்கும் அனுமதி அவ்வளவுதான்.

மருத்துவமனையின் சர்வர் அறை
முன்பு சலவை அறையாக இருந்தது.
விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில்
இப்போதும் லேசாக சோப்பு வாசனை.
நாற்காலியை அவனிடம் தள்ளிவிட்டு
நின்றுகொண்டே தட்டினேன்:
நிர்வாகி உரிமை. யாருக்கு? உர்மோவுக்கு.
எதுவரை? மூன்றரை மணிவரை.
மகனிடம் கார் சாவியைக் கொடுத்தபோதுகூட
இத்தனை தயங்கியதில்லை.
காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது.

அவன் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.
ஆறு வருடம் முன்பு வேலையை விட்டுப்போன
பல் டாக்டரின் கணக்கு, உயிரோடு.
தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே
இன்னும் வைத்திருக்கும் பிரிண்டர்.
இழுத்து மூடிய ஒரு கம்பெனிக்காக
நாங்கள் திறந்தே வைத்திருந்த வழி.
நான் காபி ஊற்றினேன். கம்பு ரொட்டி வெட்டினேன்.
உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்துக்கூடக் கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவன் தட்டுவதை நிறுத்தினான்.
"ஹெல்வே, இந்த ஒரு கணக்கு
பதினோரு வருடமாக முழு உரிமையோடு இருக்கிறது.
ஒரு நாள்கூட இறங்கவில்லை."

என்னுடையது.
அதில்தான் மின்னஞ்சல் படித்தேன்,
பூட்ஸ் வாங்கினேன்,
நாயின் காது வலிக்கு மருந்து தேடினேன்.
பயிரை நான் மேயவில்லை.
ஆனாலும் வேலியில் இருந்த பெரிய ஓட்டை
நான்தான்.

"எடுத்துவிடும் உரிமை இன்றைக்கு எனக்கு இருக்கிறது,"
என்றான். "ஆனால் நீங்களே எடுங்கள்."
எடுத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மேல்மாடியில் ஊசிக்கு அழுத குழந்தை
அழுதுகொண்டுதான் இருந்தது.

மூன்றரைக்குத் திரையில் அவன் பெயர்
தானாகவே சாம்பல் நிறமானது.
கோட்டை மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது அவனுக்கு,
ஒரு விதி பாக்கி, ஐந்து நிமிட வேலை.
அவனுக்கு இனி உரிமை இல்லை.
எனக்கும் இல்லை.
வெளியே வெளிச்சம் ஏற்கெனவே மஞ்சள்.
"போ," என்றேன், "நான் கேட்டு வாங்கிச் செய்கிறேன்."

கேட்பது எப்படி என்றே மறந்திருந்தது.
திரையில் ஒரு கட்டம்: காரணம்?
எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.
ஒப்புதல் தரவேண்டியவள் தலைமைச் செவிலி லெய்லி.
வார்டிலிருந்து போன் செய்தாள்,
பின்னால் எதுவோ பீப் பீப் என்றது.
"இருபது நிமிடம் கேட்டிருக்கிறாய். எதற்கு?"

பதினோரு வருடத்தில்
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.
பிறகு அந்தப் பிரிண்டரைப் பற்றி,
மூட வேண்டிய வழியைப் பற்றி,
அவளுக்குப் புரியும்வரை சொன்னேன்.
சொல்லும்போதுதான்
எனக்கே ஒரு இடத்தில் சரியாகப் புரிந்தது.

"பதினைந்து தருகிறேன்," என்றாள்.
பன்னிரண்டில் முடித்தேன்.
மிச்சம் மூன்று நிமிடம்
எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்,
என் பெயர் நிறம் மாறுவதைப் பார்க்க.

உர்மோ அப்போது கடலின் நடுவில் இருந்திருப்பான்,
பெல்ட் இல்லாமல், நிற்காமல்.