ஏன் விகுதி

பீல் நகரத்து ஊசி மையத்தில் என் வேலை
பிறருக்காக 'நான்' என்று சொல்வது.
மொழிபெயர்ப்பாளருக்கு விதி அப்படி:
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக்கூடாது,
அந்த ஆளாகவே பேசவேண்டும்.

ஆகையால் காலை எட்டு மணிக்கு எனக்குச் சலரோகம்.
எட்டரைக்கு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.
ஒன்பதுக்கு, இறால் தின்றால் உதடு வீங்கும்.
பத்துக்கு, எழுபத்தொரு வயது,
கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரை துடைத்தவன்,
நோகுமோ என்று கேட்க வெட்கப்படுபவன்.

"ஒரு இலட்சம் பேரில் ஒருவருக்கு" என்றார் டொக்டர் எக்லி
போன புதன்கிழமை. தமிழாக்கினேன்.
அருந்தவராணி அக்கா சிரித்துவிட்டா:
"என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவையும்
இலட்சத்தில ஒருத்தி எண்டுதான் சொன்னவை, பிள்ளை."
டொக்டர் பேனையைத் தூக்கியபடி காத்திருந்தார்.
சிரிப்பை எப்படிப் பெயர்ப்பது?
"அவருக்குக் கேள்வி ஒன்றும் இல்லை" என்றேன்
விதியை மீறி, படர்க்கையில்.

ஐந்தாவது கேள்வி பெண்களுக்கு:
கர்ப்பமாக இருக்கிறீர்களா?
'இல்லை' என்கிறார்கள்.
நான் கர்ப்பமாக இல்லை, என்கிறேன் ஜேர்மனில்,
நாளுக்குப் பத்துத் தரம், பதினொரு தரம்,
முகக்கவசத்துக்குள் இஞ்சி மிட்டாயை
மற்றக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு.

பதின்மூன்றாம் கிழமை.
போன முறை ஒன்பதில் நின்றுபோனது.
அப்போது இந்தக் கிருமியும் இல்லை, இந்த ஊசியும் இல்லை.
காரணம் சொல்ல ஒருவரும் இல்லை.

வைகாசியில் நான் வாசித்துக்காட்டிய தாள்
பொறுக்கச் சொன்னது.
புரட்டாதியில் அதே நீலநிறத் தாள்
போடச் சொல்கிறது.
இரண்டும் என் குரலில்தான்.

பிரதாபன் இரண்டும் போட்டுவிட்டான்.
"உன்ர உடம்பு, நீ சொல்லுறதுதான்" என்கிறான்.
நல்ல வார்த்தை.
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
உள்ளே வராமல் நிற்கிற வார்த்தை.
மச்சாள் மூன்று வீடியோ அனுப்பினாள்,
மூன்றிலும் அதே வெள்ளைக் கோட்டு மனிதர்.
ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் கௌசி
எதுவும் அனுப்புவதில்லை. ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்:
"தீவிரப் பிரிவில ஒருத்தி, ஏழு மாசம்.
குப்புறப் படுக்கப் போட்டிருக்கினம்."
வயிற்றை எங்கே வைத்தார்கள் என்று
அன்று முழுக்க யோசித்தேன்.

நேற்று ஒருவர், பெயர் கனகேந்திரம்,
மூன்றாம் கேள்வியிலேயே எழுந்துவிட்டார்.
"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."
நான் விரும்பவில்லை, என்றேன்.
எவ்வளவு இலகுவாக வந்தது.
டொக்டர் தலையசைத்துப் படிவத்தில் ஒரு கோடு கீறினார்.
வாசலில் அவர் திரும்பி,
"பிள்ளை, நீர் போட்டனீரோ?" என்றார்.
அதில் பெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

தமிழில் 'நான்' இல்லாமலே வினை ஓடும்.
சம்மதிக்கிறேன். மறுக்கிறேன். பயப்படுகிறேன்.
ஆள் வால்நுனியில் ஒளிந்திருக்கும்,
'ஏன்' என்ற விகுதியாய்.
அது கேள்வியும்தான் என்று
பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இன்று மணித்தாளில் கையெழுத்து வைத்தபின்
மேசைக்கு மற்றப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.
எக்லி ஒருகணம் பார்த்தார். பிறகு
எல்லோருக்கும் போலவே தொடங்கினார்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்து.

பழக்கத்தில் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினேன்,
வசனத்துக்குரியவர் தமிழில் சொல்லட்டும் என்று.
என் மேலங்கி மட்டும் கிடந்தது.

"ஓம்" என்றேன்.

அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும்.
பேனையைக் கீழே வைத்துவிட்டு,
எத்தனையாவது கிழமை என்று கேட்டார்.
பிறகு நான் முந்நூறு தரம் சொன்ன
அந்த இலட்சத்து வசனத்தை எனக்குச் சொன்னார்.
மெதுவாக, கடைசிவரை.
இடதுகைச் சட்டை முழங்கைக்கு மேலே இருந்தது;
எப்போது மடித்தேனோ தெரியாது.
மேலும் ஒரு தரம் சொல்லுங்கள், என்றேன்.