கேள்விக்குறி

நெகட்டிவில் வானம் வெளுத்திருக்கும்,
விண்மீன்கள்தான் கருப்பு.
ரவையில் மிளகுத்தூள் சிந்தினாற்போல்.
வேலையில் சேர்ந்த முதல் வாரம்
தூசி எது, சூரியன் எது என்று
மக்வாலாவுக்குப் பிடிபடவில்லை.

காகசஸ் மலைமேல் செப்டம்பரிலேயே விரல் விறைக்கும்.
கண்ணாடித் தகட்டை விளிம்பில் மட்டும் தொட்டு,
சுட்ட அப்பளத்தைத் தூக்குவதுபோல் தூக்கி,
முதுகுப்புறத்து மசியைப் படமெடுத்து,
பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து
ஸ்கேனரில் கிடத்துவாள்.
நாளுக்கு நாற்பது வானம்.
முப்பத்தெட்டு என்றால் ஜும்பேர் முகம் சுளிப்பான்.
துடைத்த வானங்கள் இரவோடு திபிலிசிக்குப் போகும்,
அங்கிருந்து கேட்டவர்க்கெல்லாம்.

தொண்ணூற்றிரண்டின் குளிரில், மின்சாரம் போனபோது,
இங்கே நாற்காலிகளை எரித்தார்களாம்.
பிறகு கதவுகளை,
கட்டுக்கட்டாய்ச் செய்தித்தாள்களை,
ஒரு பியானோவின் மூடியை.
தகட்டு அலமாரிகள் தேவதாரு மரம்.
நன்றாகவே எரிந்திருக்கும்.

இன்றைக்கு இருபத்தாறாவது:
1961, நவம்பர் ஒன்பது.
பதிவேட்டில் லாமாரா என்று கையெழுத்து.
"பாதி இரவு மேகம். கால் மரத்துவிட்டது."
தகட்டின் ஓரத்தில் ஊதா மசியில்
எறும்புக்கால் அளவு ஓர் அம்பு,
அம்பின் வாலில் ஒரு கேள்விக்குறி.

படமெடுத்தாள். துடைத்தாள்.
பஞ்சில் ஊதா ஏறியது.
அம்பு காட்டிய இடத்தில்
ஒரு புள்ளி, சற்றே நீளமாய்.
முந்தின இரவின் தகட்டில் அது இல்லை.
அடுத்த இரவிலும் இல்லை.
வெடித்த விண்மீனா,
பூச்சில் விழுந்த குமிழா,
லாமாரா தும்மினாளா?

"வட்டமாக இல்லையே.
பழுது என்று மென்பொருளே ஒதுக்கிவிடும்"
என்றான் ஜும்பேர்,
சூரியகாந்தி விதையின் தொலியைத் துப்பிக்கொண்டே.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவள் ஒரு கேள்விக்குறி தட்டினாள்.
சிவப்பில் பதில் வந்தது:
எண் மட்டுமே ஏற்கப்படும்.
பூஜ்யம் தட்டிப் பார்த்தாள். ஏற்றுக்கொண்டது.
அழித்தாள்.

அவன் தேநீருக்குப் போனதும்
இழுப்பறைக்குள் துழாவி,
ஊதா கிடைக்காமல் பச்சைப் பேனா எடுத்து,
அதே இடத்தில், கண்ணாடியின் முதுகில்,
அம்பையும் கேள்வியையும் திரும்ப வரைந்தாள்.
கொஞ்சம் கோணல்.
காயும்வரை ஊதிவிட்டு
உறையில் இட்டாள்.

இருபத்தேழாவதில்
யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.
சுத்தமான வானம்.
இருந்தும் ஓரம் ஓரமாய்
நெடுநேரம் தேடினாள்.
அன்றைக்கு முப்பத்தொன்றுதான் முடிந்தது.