குறிப்பு என்றொரு கட்டம்

என் பதிவேட்டில் பதினேழு கட்டங்கள்.
பெயர், கணவர் பெயர், பிக்மி எண்,
எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம்.
எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்பதற்குக்
கட்டம் இல்லை.

நண்டுமுனைக்குத் தார்ச்சாலை பாதிதான்.
அப்புறம் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு
இறால் பண்ணைக் கரையோரமாய் நடப்பேன்.
பன்னிரண்டு குளம். காற்றாடிகள்
இறாலுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும்
இரவும் பகலும், மின்வெட்டே இல்லாமல்.
காவல்காரர் நல்லவர்.
கேன் தண்ணீரில் அரைத் தம்ளர் தருவார்.
"ஊருக்குள்ள குடிச்சிராதீங்க சிஸ்டர்."

நம்பு ஈஸ்வரி, ஏழாம் மாதம், நூற்றைம்பதுக்கு நூறு.
பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன்.
அதேதான்.
ஜெனோவா, ஆறாம் மாதம். மோதிரம் கழலவில்லை,
சோப்பு போட்டு எடுத்தோம்.
ஹாஜிராவுக்கு இது மூன்றாவது.
முதல் இரண்டும் பழைய பதிவேட்டில் இருக்கின்றன,
என் கையெழுத்தில்,
சிவப்பு மையில்.

பயிற்சியில் கற்றதைச் சொன்னேன்:
"உப்பைக் குறைம்மா. கருவாடு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம்."
ஈஸ்வரி குடத்தைக் காட்டினாள்.
"இதுலேர்ந்து எப்புடிக்கா குறைக்க?"

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே தண்ணீர் குடித்தவள் உப்பைத் தின்கிறாள்.

சம்பளத்தில் ஒரு மீட்டர் வாங்கினேன்,
பேனா அளவு, முந்நூற்றைம்பது ரூபாய்.
பண்ணைக்கு வடக்கே கிண்டிய ஊற்றில் அறுநூறு காட்டியது.
தெற்கே, ஊர்ப்பக்கம், இரண்டாயிரத்து நானூறு.
வடக்கே போக வேலி.
மூன்று லிட்டர் குடித்தால் ஏழு கிராம்,
சோற்றில் ஒரு கல் போடும் முன்பே.
அத்தனையும் சமையல் உப்பில்லை என்பார்கள்.
சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம்.
துணை சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது:
நாளொன்றுக்கு ஐந்து கிராம் போதும்.

கடைசிக் கட்டம் 'குறிப்பு'. ஒரு விரல் அகலம்.
ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும்
அவள் குடத்தின் எண்ணை எழுதிவைத்தேன்.
மேற்பார்வையாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"தண்ணியை அளக்கச் சொல்லி யார் உத்தரவு?
அது வேற டிபார்ட்மெண்ட்."
வேற டிபார்ட்மெண்ட் மாதிரி எடுத்துப் போனது.
ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது,
உப்புச்சப்பில்லாமல்.

அரசு ஊழியர் மனுவில் கையெழுத்துப் போடக் கூடாதாம்.
அட்டையில் எழுதலாம்.
அவரவர் அட்டை, அவரவர் அழுத்தம்,
பக்கத்தில் அவரவர் தண்ணீர்.
திங்கட்கிழமை ஆறு மணி பஸ் பிடித்து
இராமநாதபுரம் போய்,
குறைதீர் கூட்டத்தில் பதினொரு பேர்
வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.
நான் போகவில்லை. எனக்கு அன்று தடுப்பூசி முகாம்.
டோக்கன் கொடுத்தவர் கேட்டாராம்,
"மனு எங்கம்மா?"
ஹாஜிரா அட்டையை நீட்டினாளாம்.
"இதான்."

இப்போது லாரி வருகிறது, வாரத்தில் இரண்டு நாள்.
குடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.
மற்ற ஐந்து நாளும் அதே ஊற்று, அதே அகப்பை.
காற்றாடிகள் நிற்கவில்லை.

நேற்று ஜெனோவாவுக்குப் பெண் குழந்தை.
முப்பத்துநான்கு வாரம், ஒரு கிலோ எழுநூறு,
கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டாவி விட்டது.
எனக்கு மாறுதல் உத்தரவு, கமுதிப் பக்கம்.
காரணம் எழுதவில்லை. அதற்கும் கட்டம் இல்லைபோல.

மீட்டரை ஈஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டாள்.
காலையில் குடத்தில் முக்கி,
கண்ணைச் சுருக்கிப் படித்து,
கதவோரச் சுவரில், கேஸ் வந்த தேதிக்குக் கீழே
கரித்துண்டால் எழுதுகிறாள்:
2390.