மூன்றாம் இழுப்பு

மைக் செட் என்னுடையது.
சாட்ஸ்வர்த்தில் கல்யாணம், கருமாதி, காவடி,
வார்டு தேர்தல், எல்லாவற்றுக்கும்
அதே இரண்டு பெட்டி, அதே ஒயர்.
எத்தனையோ பேர் அழுவதை
ஹெட்போனில் கேட்டிருக்கிறேன்,
அவரவர் வீட்டார் கேட்டதைவிடக் கிட்டத்தில்.

அன்று யூனிட் ஏழு மண்டபத்தில் இரங்கல் கூட்டம்.
இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பஸ்.
தையல் ஆலைக்குப் போன நாலு பெண்கள்,
ஓட்டிய சூபென் மூட்லி.
பஸ் முதலாளி மிஸ்டர் நல்லதம்பி எழுந்தார்.
கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். பையில் வைத்தார்.
"அவங்க என் பிள்ளைங்க" என்றார்.
குரல் உடைந்தது.
உடைவதற்கு முன்
மைக்கை ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு உறுத்தியது அதுதான்.
அழுகை முட்டும்போது மனுஷனுக்கு
மைக் எந்தப் பக்கம் என்று தெரியாது.
முகத்தைத் திருப்பிக்கொள்வான்,
எனக்குப் பாதிச் சத்தம்தான் வரும்.

இருந்தாலும் கைப்பழக்கம் விடுமா?
எக்கோவைக் கொஞ்சம் ஏற்றினேன்.
மண்டபமே விம்மியது.
"பிரேக் எப்ப மாத்தினது?" என்று பின்னாலிருந்து கேட்ட பையனை
நாலு பேர் தோளைப் பிடித்து உட்கார்த்தினார்கள்:
"அவரே அழுறாரு, பார்க்கலியா?"

"சூபென் கடைசியா என்கிட்ட..."
கரண்டு போனது. லோட்ஷெடிங்,
அட்டவணையில் இல்லாத நேரம்.
அழுகையும் கூடவே போனது.

பக்கி வண்டிக்கு ஓடி
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன்.
முதல் இழுப்புக்கு ஓர் இருமல்.
இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.
அப்போது வெறுங்காதில் கேட்டது,
ஜன்னல் வழியே,
ஈரப் போர்வையை முறுக்குவது போல.
சூபென் மனைவி கோகிலம்.
காலையிலிருந்து சொட்டுக் கண்ணீர் விடாதவள்,
"நெஞ்சழுத்தக்காரி" என்று என் காதுபடவே சொன்னார்கள்.
இருட்டு அவளுக்குக் கதவைச் சாத்திக் கொடுத்திருந்தது.

கயிறு கையில் இருந்தது. இழுக்கவில்லை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
உள்ளேயிருந்து டேரன் கத்தினான்: "அங்கிள், பவர்!"

மூன்றாம் இழுப்பில் வெளிச்சம் வந்தது.
கோகிலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.
மேடையில் அவர் தொண்டையைச் செருமி
"கடைசியா என்கிட்ட" என்ற அதே சொல்லில்
அதே விரிசலோடு தொடர்ந்தார்.

நியாயமாகப் பார்த்தால்
இருட்டில் யாருடைய அழுகையும் திடுக்கிட்டு நிற்கும்.
அதற்காக ஒருவரைக் கள்ளன் என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் நான் கேட்டவரையில்
அழுத எவருக்கும்
விட்ட இடம் ஞாபகம் இருந்ததில்லை.

முடிந்ததும் கணக்குத் தீர்க்க அவரே வந்தார்.
பேசியதற்கு மேல் இருநூறு ராண்ட்.
"இன்னைக்கு சவுண்ட் நல்லா இருந்திச்சு."
வாங்கி, மேசையில் வைத்தே எண்ணினேன்.
மைக்கை அணைக்கவில்லை, எக்கோவை இறக்கவில்லை.
காலி மண்டபத்தில்
ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை சரசரத்தது.