காலியாக வரும்போது

மீன் ஏற்றிப் போகையில் நிற்பதில்லை,
அதுதான் புரியல மேஸ்திரி என்றார் பாவாடை.
விடியுமுன் துறைமுகத்தில் எழுபது பெட்டி,
பெட்டிக்கு மேல் ஐஸ்,
ஒழுகிக்கொண்டே பாண்டி மார்க்கெட் வரைக்கும்
ஒரு இருமல் கிடையாது.
திரும்புகையில்,
காலிப் பெட்டிகள் கடகடக்க
ரெட்டிச்சாவடி தாண்டி எங்காவது
யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
நின்றுவிடும்.
இருபது நிமிஷம், இரண்டு பீடி.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

தொண்ணூற்று நாலு மாடல்.
செம்மண்டலத்தில் என் ஷெட்டுக்கு வந்தாலோ
நாள் முழுக்க ஐடிலில் ஓடும்,
டாக்டர் வீட்டுப் படியேறியதும்
பல்வலி நின்றுபோகிறவன் மாதிரி.

ஃபில்டர் மாற்றினேன்.
பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன்,
நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை.
காப்பர் வாஷர்கள் எல்லாம் புதிது.
அதற்கும் மசியாததால்
ஃபீட் பம்ப், நாலாயிரத்து எண்ணூறு.
மரகதவல்லி அம்மா எண்ணிக் கொடுத்தார்.
நோட்டுகளில் செதில் ஒட்டியிருந்தது.

மறுநாள் பத்தரைக்கு போன்.
"நின்னுடுச்சி மேஸ்திரி."

பாண்டி டீசல்தான் என்றார்கள் டீக்கடையில்,
தண்ணி கலக்குறான்.
ஒரு பாட்டிலில் பிடித்து
ராத்திரி முழுக்க ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
அடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

வியாழக்கிழமை நானே ஏறி உட்கார்ந்தேன்.
வரும்போது முள்ளோடை பங்க்.
எல்லை தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் கூட,
அதனால் எப்போதும் இங்கேதான், கழுத்து வரைக்கும்.
பங்க் பையன் மேஜை இழுப்பறையிலிருந்து
சாவி எடுத்து வந்து
மூடியைத் திறந்து, நிரப்பி, பூட்டி,
சாவியைத் திரும்ப இழுப்பறையில் போட்டான்.

சாவி ஏன் இவன்கிட்ட இருக்கு?

பாவாடை ரோட்டையே பார்த்தார்.
"மார்ச்சில நாப்பது லிட்டர் கொறஞ்சுது.
அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல.
பூட்டு வச்ச மூடி வாங்கிப் போட்டாங்க."

ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம்.
நடுவில் போகையில் முதலில் ஒரு தயக்கம்,
ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இளைப்பு,
பிறகு காற்றுச் சத்தம் மட்டும்.
கீழே மணல், கொஞ்சம் தண்ணீர்,
பின்னால் ஹாரன்.

பம்பைத் தொடவில்லை நான்.
உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு
டாங்க் பக்கம் போனேன்.
"வேணாம் மேஸ்திரி" என்று ஓடி வந்தார்.
இரண்டாவது அடியில் பூட்டு விட்டது.

டாங்க் மூச்சு இழுத்தது.
முங்கிப் போய் மேலே வந்தவன் இழுப்பதுபோல்,
அவ்வளவு நீளமாக.

டீசல் வெளியேறும் இடத்துக்குக் காற்று வரவேண்டும்.
பழைய மூடியில் ஊசிக்கண் அளவு ஒரு துளை இருந்திருக்கும்,
யாரும் பார்த்திராத துளை.
இதில் இல்லை.
போகையில் பாதி டாங்க் காலி,
உள்ளே இருக்கிற காற்றை வைத்துச் சமாளித்தது.
திரும்புகையில் நிறைந்த வயிறு,
ஒரு கை காற்று,
பத்து கிலோமீட்டருக்கே அது போதவில்லை.

சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பு.
பாவாடைக்கு அதில் சந்தோஷமில்லை.
கையில் உடைந்த பூட்டு.
"நான் ஒடச்சேன்னுதான் நெனப்பாங்க."

பில் புக்கை எடுத்து பானெட்டில் வைத்து எழுதினேன்:
மூடியை உடைத்தது நான்.
தேதி, மணி, பாலத்தின் மேல்.
கையெழுத்துப் போட்டுக் கிழிக்கப் போனவன்
நிறுத்தினேன்.
எஞ்சின் அதிர்வில் பேனா ஆடிக்கொண்டிருந்தது.

கழற்றிய பழைய ஃபீட் பம்பில்
குறை ஒன்றும் இல்லை
என்று ஒரு வரி சேர்க்க
எனக்கு அந்தப் பாலத்தைக் கடக்கிற நேரம் ஆனது.