ஓ/டி ஆஃப்

இந்த வண்டியில்
என் இடது காலுக்கு வேலை இல்லை.
இருபத்திரண்டு வருடம் கிளட்ச் மிதித்த கால்.
முதல் நாள் கிண்டி சிக்னலில்
பழக்க தோஷத்தில் பாய்ந்து
பிரேக்கை மிதித்துவிட்டது.
பின்சீட்டில் ஜுலைகா டாக்டரின் டிபன் பாக்ஸ் உருண்டு
எலுமிச்சை சாதம் மிதியடியெல்லாம்.
"பழகிடும் ஏகாம்பரம்" என்றார், அவ்வளவுதான்.

அன்று முதல் அதை ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன்,
கல்யாண வீட்டில்
யாரும் வேலை சொல்லாத மாமாவைப் போல.

பி, ஆர், என், டி,
அதற்குக் கீழே ரெண்டு, எல்.
டி போட்டால் மறந்துவிடலாம்.
பி-யை மட்டும் நம்பக் கூடாது,
கட்டைவிரல் அளவுக் கொக்கி ஒன்றுதான்
மொத்த வண்டியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது,
ஹேண்ட் பிரேக்கும் போடு.
ஆஸ்பத்திரி பேஸ்மென்ட் சரிவில் இறங்க எல்:
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்ததுபோல்
இன்ஜினே இழுத்து நிறுத்தும்.
வேளச்சேரியில் முட்டியளவு தண்ணீர் நின்ற அன்றும் எல்தான்,
ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலை எடுக்காமல்,
மூச்சையும் விடாமல்.

கிளட்ச் எங்கே போனது என்பது
பல்லாவரம் டீக்கடையில்தான் புரிந்தது.
எதிரெதிரே இரண்டு டேபிள் ஃபேன்.
ஒன்றுக்கு ஒயரே இல்லை,
இருந்தும் சுற்றுகிறது
மற்றதன் காற்றில்.
இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய்.
தொடாமலே ஒன்று இன்னொன்றைச் சுழற்றுகிறது.
அதனால்தான் டி-யில் நின்றாலும் அணைவதில்லை,
பிரேக்கை விட்டால்
எறும்பாக நகர்கிறது.
டீ ஆறிப்போயிருந்தது.

மீட்டரில் மட்டும் மஞ்சளாக ஒரு விளக்கு:
ஓ/டி ஆஃப்.
"அது எப்பவும் எரியும், விடுங்க.
செகண்ட் ஹேண்ட்ல வாங்கின நாள்லேருந்தே."
நாலு வருடம்.

செங்கல்பட்டில் அவசரக் கேஸ், இரவு ஒரு மணி.
ஊரையெல்லாம் மயக்கத்தில் ஆழ்த்துகிறவர்
பின்சீட்டில் அரைத் தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தார்.
வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு காலி.
எண்பதில் போகிறேன்,
முள் இரண்டாயிரத்து எண்ணூறில்,
இன்ஜின் மாவு மில் மாதிரி கத்துகிறது.
கியர் குமிழியின் விலாவில்
புளியங்கொட்டை அளவில் ஒரு பட்டன்
பெருவிரலில் இடறியது.
அழுத்தினேன்.

விளக்கு அணைந்தது.
ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை.
பிறகு முள் சரிந்து சரிந்து
இரண்டாயிரத்தில் நின்றது.
வேகம் அதே எண்பது.
நாலாவது கியர் இத்தனை நாள்
உள்ளேயே இருந்திருக்கிறது, கூப்பிட ஆளில்லாமல்.
இன்ஜின் ஏழு சுற்று சுற்றினால்
சக்கரத்துக்குப் போகும் தண்டு பத்து சுற்றுகிறது.

"ஏகாம்பரம், வண்டி நின்னுடுச்சா?"
திடுக்கிட்டு எழுந்தார்.
"இல்லம்மா. ஓடுது."
ஜன்னலில் ஓடும் கம்பங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
நாலு வருடத்துப் பெட்ரோலை
மனசுக்குள் கூட்டியிருப்பார்.
சிரித்தார். பிறகு நிஜமாகவே தூங்கினார்.

கூடுதலாகக் கிடைத்த அந்த மூன்று சுற்று
சும்மா வரவில்லை.
விடியலில் திரும்பும்போது நர்ஸுகள் மூன்று பேர்,
ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர்.
கத்திப்பாரா மேம்பாலம் ஏறுகையில்
மூன்றா நாலா என்று
கியர் மாற்றி மாற்றித் தடுமாறியது.
நானே பட்டனை அழுத்தினேன்.
மஞ்சள் விளக்கு வந்தது.
எரியட்டும், இப்போது அதற்குக் காரணம் இருக்கிறது.
இறங்கிய பிறகு அணைத்தேன்.

வண்டியைப் பி-யில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு,
சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு
என் பழைய பைக்கை உதைக்கிறேன்.
இதில் கியர் இடது காலில்.
ராத்திரி முழுக்கச் சும்மா இருந்தது
முதல் கியரைத் தட்டுகிறது,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.